உடன்குடிக்குப் போன ஓர் அழைப்பு

போன நவம்பரில் உயிர்வாழ் சான்றிதழ் கொடுப்பதற்காக என் பழைய தொலைபேசி அலுவலகத்துக்குப் போயிருந்தேன். கவுண்டரில் இருந்த இளம் அதிகாரிக்கு என் பெயர் தெரிந்திருந்தது. நாற்காலி போட்டு உட்காரவைத்து, டீ வாங்கிவரச் சொல்லிவிட்டுப் பேச்சுவாக்கில் ஒரு கேள்வி கேட்டார்.

"அந்தக் காலத்துல ஒரு கால் ரெக்கார்டு எடுக்க எவ்வளவு நேரமாகும் மேடம்? இப்ப நாங்க ஒரு நிமிஷத்துல எடுத்துருதோம்."

"பேப்பர் வர ரெண்டு நாள், டேப்பைத் தேட ஒரு நாள், எடுத்ததை வச்சு என்ன செய்யதுன்னு யோசிக்க ஒரு நாள்" என்றேன்.

முதல் இரண்டுக்கும் தலையாட்டியவர், மூன்றாவதைக் கேட்டுச் சிரித்துவிட்டார். நானும் சிரித்தேன். ஆனால் பஸ்ஸில் திரும்பும்போது அந்தக் கடைசி நாள்தான் மனதில் ஓடிக்கொண்டிருந்தது. ஓய்வூதியர் சங்க மலருக்கு ஒரு பக்கம் எழுதித் தரும்படி செயலாளர் இரண்டு மாதமாக என்னை விரட்டிக்கொண்டிருந்தார். அதையே எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். ஒரு பக்கத்தில் அடங்கவில்லை. ஆட்களின் பெயர்களை மாற்றியிருக்கிறேன். தெருவின் பெயரைச் சொல்லப்போவதில்லை.

நான் வேலையில் சேர்ந்தது, வெளியூர் அழைப்புகளைக் கையால் இணைக்கிற டிரங்க் போர்டில். காதில் ஹெட்போனும் கையில் செருகு கம்பியுமாகப் பதினோரு வருஷம். அதன் பிறகு இலாகா பரீட்சை எழுதித் தேறினேன். வடக்கே ஒரு பயிற்சி மையத்துக்கு அனுப்பினார்கள். அங்கே ஆறு மாதம் சப்பாத்தியும் சர்க்யூட் படங்களுமாகப் போனது. திரும்பி வந்தபோது திருநெல்வேலியில் டிஜிட்டல் எக்ஸ்சேஞ்ச் வந்துவிட்டிருந்தது. பழைய எக்ஸ்சேஞ்சுக்குள் நுழைந்தால் தகரக் கூரையில் மழை கொட்டுகிற மாதிரி சத்தமாக இருக்கும். புதியதில் சத்தமே கிடையாது, குளிர் மட்டும்தான். சித்திரை வெயிலில் ஜங்ஷனிலிருந்து வியர்த்து வழிய வந்து, உள்ளே போய் ஸ்வெட்டர் போட்டுக்கொள்வோம். பார்க்கிறவர்களுக்குப் பைத்தியக்காரத்தனமாகத் தெரியும்.

அங்கே என் அதிகாரி ஞானதாஸ் சார். பாளையங்கோட்டைக்காரர், ஒல்லியான மனிதர். வேகமாக நடந்து நான் பார்த்ததில்லை. எண்களைப் படித்தால் ஒவ்வொரு இலக்கமாக, இரண்டு முறை படிப்பார். "இருக்கும்னு நினைக்கேன்" என்று யாராவது சொன்னால், "நினைக்கது வேண்டாம், போய்ப் பாத்துட்டு வாங்க, பைய வாங்க, அவசரமில்ல" என்பார். வைதால்கூடத் தாங்கிக்கொள்ளலாம். இந்த 'பைய வாங்க'வைத்தான் எங்களால் தாங்க முடியாது.

அழைப்புப் பதிவு என்றால் என்ன என்று அவர்தான் எனக்கு விளக்கினார். ஊருக்குள் பேசுகிற அழைப்புகளுக்கு மீட்டர் மட்டும் ஓடும். வெளியூருக்கு நேரடியாகப் பேசுகிற எஸ்.டி.டி. என்றால், பேசி முடித்து ரிசீவரை வைத்தவுடன் இயந்திரம் ஒரு வரி எழுதிவைக்கும். எந்த எண் கூப்பிட்டது, எந்த எண்ணைக் கூப்பிட்டது, எத்தனை மணிக்குத் தொடங்கியது, எவ்வளவு நேரம் நீடித்தது என்பது அந்த வரியில் இருக்கும். "பேசினது என்னங்கது அதுக்குத் தெரியாது. பேசினது யாருங்கதும் தெரியாது. இத மட்டும் மறந்துராதீங்க" என்றார். அந்த வரிகள் முதலில் இயந்திரத்தின் நினைவில் சேரும். பிறகு பெரிய தட்டு மாதிரியான காந்த டேப்பில் எழுதப்படும். பில் போடுகிற இடத்துக்கு ஒரு டேப் போகும். இன்னொரு நகல் எங்கள் இரும்பு பீரோவில் இருக்கும்.

கமாண்டு அடிக்கப் பழகிய புதிதில், சும்மா பார்க்கலாமே என்று என் வீட்டு எண்ணையே அடித்துத் தேடினேன். என் வீட்டுக்காரர் மதுரையிலிருக்கும் தங்கைக்கு எத்தனை முறை பேசியிருக்கிறார் என்று பிரிண்டர் அடித்துக்கொண்டிருந்தபோது சார் பின்னால் வந்து நின்றார். தாளைக் கிழித்து மடித்துத் தன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

"உங்க வீட்டு நம்பருக்கும் பேப்பர் வேணும் சிவகாமியம்மா."

மறுநாள் என்னிடம் ஒரு விண்ணப்பம் எழுதி வாங்கினார். இணைப்புக்குச் சொந்தக்காரர் என் கணவர் என்பதால், அவர் கையெழுத்தையும் கேட்டார். வீட்டுக்காரரிடம் கையெழுத்து வாங்க நான் என்னென்ன கதை சொன்னேன் என்பதை இங்கே எழுத வேண்டாம். அதையெல்லாம் சரிபார்த்த பிறகுதான் அந்தத் தாள் என் கைக்கு வந்தது. அதன்பின் என் சர்வீஸ் முழுக்கக் கடிதம் இல்லாமல் ஓர் எண்ணைக்கூட நான் தேடியதில்லை.

இனி அந்த நாலு நாள் கதை.

பாளையங்கோட்டை மார்க்கெட்டை ஒட்டிய ஒரு தெருவில் ரெஜினா என்றொரு பெண் எஸ்.டி.டி. பூத் வைத்திருந்தாள். சின்ன வயதில் வந்த இளம்பிள்ளை வாதத்தில் ஒரு கால் சூம்பிப்போனது. மாற்றுத் திறனாளிகளுக்கான ஒதுக்கீட்டில் கிடைத்த பூத் அது. அவளும் அம்மாவும் சாப்பிட்டது அந்த வருமானத்தில்தான். அதே தெருவில் பாத்திரக்கடை சங்கரலிங்கம் அண்ணாச்சியின் வீடு. ஊரில் மதிப்பான மனிதர், கோயில் காரியம் எதுவானாலும் முன்னால் நிற்பவர். அவருடைய ஒரே பெண் கோமதி. ரெஜினாவும் அவளும் பள்ளியில் ஒரே பெஞ்ச்.

கோமதிக்கு உடன்குடியில் மாப்பிள்ளை பார்த்திருந்தார்கள். கருப்பட்டி மொத்த வியாபாரம் செய்கிற வீடு. நிச்சயம் முடிந்து பத்திரிகை அடிக்கக் கொடுக்கிற சமயம். ஒரு வியாழக்கிழமை மத்தியானம் மூன்று மணி வாக்கில் உடன்குடி வீட்டுக்கு ஒரு போன் வந்திருக்கிறது. சின்ன வயசுப் பெண்ணின் குரல். கோமதிக்குச் சிறு வயது முதலே வலிப்பு உண்டு, மறைத்துக் கட்டிவைக்கப் பார்க்கிறார்கள் என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டது. மறுநாளே உடன்குடிக்காரர்கள் சம்பந்தம் வேண்டாம் என்று ஆள் அனுப்பிவிட்டார்கள்.

அண்ணாச்சி யோசிக்கவே இல்லை, பழியை நேராக ரெஜினா மேல் போட்டார். காரணம் இருந்தது. பத்து நாள் முன்புதான் நடுத்தெருவில் வைத்து அவளை வைதிருந்தார். வேலை, படிப்பு என்று தன் பெண்ணின் மனதைக் கலைக்கிறாள் என்று. அந்தக் கோபத்தில் அவள் செய்துவிட்டாள் என்பது அவர் கணக்கு. போலீசில் எழுதிக் கொடுத்தார். எங்கள் மேலிடத்துக்கும் எழுதினார். பூத் உரிமத்தை ரத்து செய்ய வேண்டும் என்று கேட்டிருந்தார். விசாரணை முடியும்வரை பூத் லைனைத் துண்டித்துவைக்கும்படி எங்களுக்கு உத்தரவு வந்தது. போலீசார் இரண்டு முறை ரெஜினாவைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். அவளுடைய மூன்று சக்கர வண்டி ஸ்டேஷன் வாசலில் நிற்பதைத் தெருவே பார்த்தது.

போலீசிலிருந்து எங்களுக்கு வந்த முதல் கடிதத்தில் கேட்டிருந்தது எளிய கேள்வி. அந்த வியாழக்கிழமை பூத் எண்ணிலிருந்து உடன்குடிக்கு அழைப்பு போனதா? கூப்பிட்ட எண் தெரிந்தால் தேடுவது சுலபம். அரை மணியில் விடை கிடைத்தது. அன்று பூத்திலிருந்து உடன்குடிக்கு நாலு அழைப்புகள் போயிருந்தன. நாலும் வேறு வேறு எண்கள், நாலும் காலை நேரம். மாப்பிள்ளை வீட்டு எண் அதில் இல்லை. அப்படியே பதில் எழுதினோம்.

அண்ணாச்சி நேரில் வந்துவிட்டார். கையில் தன் கடை லெட்டர்பேடில் எழுதிய புகார்.

"நாலு போன் போயிருக்குன்னு நீங்களே சொல்லுதீங்க. அஞ்சாவது ஒண்ணு இல்லங்கத நான் எப்படி நம்புதது? அந்தப் பிள்ளைக்கு நீங்கதான பூத்து குடுத்திருக்கீங்க. விட்டுக்குடுப்பீங்களா?"

சார் அவரை உட்காரச் சொன்னார். வேறு எந்த எண்ணிலிருந்து போனது என்று தெரிய வேண்டுமானால் அதற்கு இன்னொரு கடிதம் வேண்டும், போலீசிலிருந்துதான் வர வேண்டும் என்றார். அந்தக் கடிதம் இரண்டே நாளில் வந்துவிட்டது. குறிப்பிட்ட தேதியில் எங்கள் எக்ஸ்சேஞ்சின் எந்த எண்ணிலிருந்தாவது உடன்குடியின் இந்த எண்ணுக்கு அழைப்பு போயிருந்தால் விவரம் தருக என்று இருந்தது. அதை வாங்கித் தந்தவர் அண்ணாச்சியே. அதற்காக அவர் எத்தனை படி ஏறி இறங்கினார் என்பதைப் பிறகு கேள்விப்பட்டோம்.

கூப்பிட்ட எண் தெரியாமல், கூப்பிடப்பட்ட எண்ணை மட்டும் வைத்துத் தேடுவது தலைகீழான வேலை. டேப் முழுவதையும் முதலிலிருந்து படித்துக்கொண்டே வர வேண்டும். பேச்சு குறைவாக இருக்கிற நேரத்தில் செய்யலாம் என்று ஞாயிற்றுக்கிழமை காலையை வைத்துக்கொண்டோம். சார் முதல் ஆராதனையை முடித்துவிட்டு, வெள்ளை வேட்டி சட்டையோடு வந்தார். செருப்பை வாசலிலேயே விட்டார்.

அந்த வியாழக்கிழமை மத்தியானம் டேப் மாற்றியிருந்ததால் இரண்டு டேப்புகளையும் எடுக்க வேண்டியிருந்தது. பீரோவைத் திறந்து, ரிஜிஸ்டரில் நேரம் எழுதி, இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டோம். சார் மெல்லிய துணியில் ஸ்பிரிட்டைத் தொட்டு, டேப் உரசுகிற இடத்தைத் துடைத்தார். துணியைத் திருப்பி வெளிச்சத்தில் பார்த்தார். ஒரு கோடு அழுக்கு. மறுபடி துடைத்தார். துணி சுத்தமாக வரும்வரை டேப்பைத் தொடவிடவில்லை. பிறகு நான் டேப்பை ஏற்றி முனையைச் செருகினேன். சக்கரம் முன்னும் பின்னும் அசைந்து தொடக்கப் புள்ளியைப் பிடித்து நின்றது. தேதி, நேரம், உடன்குடி எண் எல்லாவற்றையும் அவர் இலக்கம் இலக்கமாகச் சொல்ல நான் அடித்தேன். அவர் மறுபடி சொல்ல, திரையைப் பார்த்துச் சரிபார்த்தேன்.

முதல் டேப் ஓடி முடிந்தது. ஒன்றுமில்லை. சார் பிளாஸ்கிலிருந்து காபி ஊற்றிக் கொடுத்தார். இரண்டாவது டேப்பைப் போட்டுப் பத்து நிமிஷம் இருக்கும். பிரிண்டர் ஒரே ஒரு வரி அடித்துவிட்டு நின்றது.

இரண்டு மணி ஐம்பத்திரண்டு நிமிஷத்துக்குத் தொடங்கிய அழைப்பு. இரண்டு நிமிஷத்துக்கும் குறைவு. கூப்பிட்ட எண்ணைப் பார்த்தேன். எங்கேயோ பார்த்த எண்ணாக இருந்தது. மேஜையில் அண்ணாச்சியின் புகார்க் கடிதம் கிடந்தது. லெட்டர்பேடின் வலது மூலையில் கடை என்று ஒரு எண், வீடு என்று ஒரு எண். அந்த இரண்டாவது எண்தான் பிரிண்டரில் வந்திருந்தது.

தாளைச் சாரிடம் நீட்டி, லெட்டர்பேடின் மூலையை விரலால் காட்டினேன். அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இரண்டையும் இரண்டு முறை படித்தார். ஒவ்வொரு இலக்கமாக.

எனக்கு அந்த நேரத்தில் தோன்றியதை மறைக்காமல் எழுதுகிறேன். அறையில் நாங்கள் இரண்டு பேர்தான் இருந்தோம். "பதிவு ஏதும் காணப்படவில்லை" என்று ஒரு வரி எழுதினால் போதும். கடிதத்தில் கேட்டது எங்கள் எக்ஸ்சேஞ்சைப் பற்றி மட்டும்தான். வேறு ஊரிலிருந்து பேசியிருப்பார்கள் என்று அவர்கள் நினைத்துக்கொள்வார்கள். அந்த வீட்டுப் பெண் தப்பிப்பாள். அதைச் சாரிடம் சொல்லவும் செய்தேன்.

அவர் கோபப்படவில்லை. "ரெஜினா எப்படித் தப்பிப்பா?" என்று கேட்டார்.

நான் பேனாவை மூடி மேஜையில் வைத்தேன்.

"இருக்கத இல்லன்னு ஒரு தடவ எழுதிட்டோம்னா, நாளைக்கு இல்லாதத இல்லன்னு எழுதினாலும் யாரும் நம்ப மாட்டாங்க. அண்ணாச்சி இப்பவே நம்பல பாத்தீங்களா" என்றார். பிறகு, "ஆனா நாம இன்னும் முடிக்கல. இது சரியாங்கது தெரியணும்லா" என்றார்.

எக்ஸ்சேஞ்ச் கடிகாரத்தை வாரம் ஒருமுறை ரேடியோ நேரத்தோடு ஒப்பிட்டு நோட்டில் எழுதிவைப்பது அவர் வழக்கம். அந்த வாரம் கடிகாரம் நாலு நிமிஷம் பின்தங்கியிருந்தது. ஆக உண்மையான நேரம் மூன்றுக்கு நாலு நிமிஷம் முன்பு. உடன்குடிக்காரர் சொன்னதோடு பொருந்தியது. அடுத்தது, வெளியே யாராவது அந்த வீட்டு லைனில் கொக்கி போட்டுப் பேசியிருக்கலாம். அப்படி நடப்பது உண்டு. திங்கட்கிழமை காலையில் லைன்மேன் இசக்கியை அனுப்பினார். தெருமுனைப் பெட்டியிலிருந்து வீட்டுச் சுவர்வரை ஒவ்வொரு இணைப்பையும் அவர் திறந்து பார்த்தார். திருகாணிகளில் படிந்த தூசி கலையவில்லை, எந்த வயரும் புதிதாகத் தொடப்படவில்லை என்று எழுதிக் கொடுத்தார்.

அன்று மத்தியானம் சார் ஒரு காரியம் செய்தார். போலீசுக்கான பதில் மறுநாள் சாயங்காலத் தபாலில் போகும் என்று குறித்துவைத்தார். அப்புறம் அண்ணாச்சியை வரச்சொன்னார். அவர் வந்ததும் ஒரு வெள்ளைத் தாளை எடுத்து நீட்டி, அந்த வியாழக்கிழமை அவர் வீட்டு எண்ணிலிருந்து போன எஸ்.டி.டி. அழைப்புகளின் விவரம் கேட்டு ஒரு விண்ணப்பம் எழுதித் தரச் சொன்னார். எனக்கு அப்போதுதான் விளங்கியது. போலீசுக்குப் போக வேண்டிய தகவலைப் புகார் கொடுத்தவரிடம் காட்ட எங்களுக்கு உரிமை இல்லை. ஆனால் தன் சொந்த எண்ணின் கணக்கைக் கேட்க எந்தச் சந்தாதாரருக்கும் உரிமை உண்டு.

"எதுக்கு சார் என் வீட்டுக் கணக்கு? எங்க போன்ல எஸ்.டி.டி. பூட்டியிருக்கு. கோடு நம்பர் எனக்கு மட்டுந்தான் தெரியும்" என்றார் அண்ணாச்சி.

"எழுதிக் குடுங்க அண்ணாச்சி. ஒரு வரி போதும்."

எழுதினார். நான் உள்ளே போய் முறைப்படி தேடி, அச்செடுத்து வந்தேன். அன்று அந்த வீட்டிலிருந்து ஒரே ஒரு எஸ்.டி.டி. அழைப்புதான் போயிருந்தது. சார் தாளை அவர் பக்கம் திருப்பி வைத்தார். அண்ணாச்சி எண்ணைப் படித்தார். முகத்தில் எதுவும் மாறவில்லை. உடன்குடி எண்ணை அவர் எத்தனை முறை சுழற்றியிருப்பார், மனப்பாடமாகத் தெரிந்திருக்கும்.

"மிஷின் தப்பா எழுதியிருக்கும்" என்றார்.

சார் கடிகார நோட்டைக் காட்டினார். இசக்கியின் குறிப்பைக் காட்டினார். ஒவ்வொன்றையும் படிக்க நேரம் கொடுத்தார். கடைசியில், "அந்தப் பூட்டு கோடு, நாலு இலக்கம், நீங்க என்னவா வச்சிருக்கீங்கன்னு நான் கேக்கல. வீட்டுல யாரும் ஊகிக்கக்கூடியதா?" என்று மட்டும் கேட்டார்.

அண்ணாச்சி வெகுநேரம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பிள்ளை பிறந்த வருசம்" என்றார்.

அந்த வியாழக்கிழமை மத்தியானம் அவர் கடையில் இருந்திருக்கிறார். மனைவி தையல்காரியிடம் போயிருக்கிறாள், கல்யாண ரவிக்கை அளவுக்கு. வீட்டில் இருந்தது ஒரே ஆள்.

"இத நீங்க கிழிச்சிப் போட்டா என்ன சார்?" என்றார் அண்ணாச்சி. வந்தபோது இருந்த குரல் இல்லை.

"பேப்பரக் கிழிக்கலாம். டேப்பு அங்கன இருக்கு அண்ணாச்சி. போலீசுக்குப் பதில் நாளைக்குச் சாயங்காலத் தபால்ல போகும். அதுக்குள்ள, புகார் வேண்டாம்னு நீங்க ஸ்டேஷன்ல எழுதிக் குடுத்து, விவரம் தேவையில்லன்னு அவங்க எனக்கு எழுதிட்டாங்கன்னா, போகாது."

அண்ணாச்சி எழுந்தார். தாளை மடித்து வேட்டி மடிப்பில் செருகினார். வாசல் வரை கூடவே போன சார், அங்கே நின்று சொன்னதுதான் எனக்கு இன்றைக்கும் பெரிய விஷயமாகப் படுகிறது.

"பிள்ளைட்ட ஏன்னு மட்டும் கேளுங்க. நீங்க சொல்ல வேண்டியத நாளைக்குச் சொல்லலாம்."

அன்று எனக்கு வேலை ஓடவில்லை. அடித்துவிடுவாரோ, அந்தப் பெண் ஏதாவது செய்துகொண்டுவிடுவாளோ என்றே நினைப்பு ஓடியது. சாரிடம் கேட்டேன். "எனக்கும் பயமாத்தான் இருக்கு" என்றார். நினைக்கிறேன் என்றுகூடச் சொல்லாத மனிதர் அப்படிச் சொன்னது எனக்கு ஒருவகையில் ஆறுதலாக இருந்தது.

அந்த வீட்டில் அன்று சாயங்காலம் நடந்ததை ஆறு வருஷம் கழித்துக் கோமதியே எனக்குச் சொன்னாள். ராதாபுரத்தில் எக்ஸ்சேஞ்சைப் பெரிதாக்கும் வேலைக்காகப் போயிருந்தபோது, என் பெயரைக் கேள்விப்பட்டு வந்து பார்த்தாள். அங்கே பள்ளிக்கூடத்தில் டீச்சர். கூட வேலை பார்த்த வாத்தியாரையே கல்யாணம் செய்திருந்தாள், அப்பா அம்மா முன்னால் நின்று நடத்திவைத்த கல்யாணம். இடுப்பில் இரண்டு வயசுப் பையன், பனங்கிழங்கைக் கடித்துக்கொண்டிருந்தான்.

அப்பா வீட்டுக்கு வந்து தாளைச் சாப்பாட்டு மேஜையில் வைத்தாராம். அவள் பார்த்ததும், "நாந்தாம்ப்பா" என்றிருக்கிறாள். அடி விழும் என்று நின்றிருக்கிறாள். அவர் "ஏன்?" என்று கேட்டிருக்கிறார். அந்தக் கேள்விக்கு அவள் தயாராக இல்லை. அழுதுகொண்டே போய்ச் சேலைகளுக்கு அடியிலிருந்து ஒரு கவரை எடுத்து வந்தாள். ராதாபுரம் பள்ளியில் ஆசிரியர் வேலைக்கான உத்தரவு. சேர இன்னும் பத்து நாள் இருந்தது. உடன்குடி வீட்டில் மருமகள் வேலைக்குப் போகக்கூடாது என்று நிச்சயத்தன்றே சொல்லிவிட்டார்கள். அண்ணாச்சியும் சரி என்று தலையாட்டியிருந்தார், அவளைக் கேட்காமலே.

"அதுக்கு ஏட்டி வலிப்புன்னு சொன்ன?"

"வேற என்ன சொன்னாலும் குறை உங்கமேல வரும்லாப்பா. என்மேலயே இருக்கட்டும்னு சொன்னேன்."

அவர் அந்த உத்தரவை மூன்று முறை படித்தாராம். கண்ணாடி இல்லாமல் படித்ததால் மூன்று முறை என்று கோமதி சிரித்தாள். ரெஜினாவின் பூத் லைனைத் துண்டித்ததும், அவளை ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டதும் கோமதிக்குத் தெரிந்திருக்கவில்லை; சம்பந்தம் முறிந்ததிலிருந்து அவளை வீட்டை விட்டு வெளியே விடவில்லை. அப்பா வாயிலிருந்து அன்றுதான் கேட்டிருக்கிறாள். அதைக் கேட்ட பிறகு தனக்கு அழுகை நிற்கவே இல்லை என்றாள்.

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கெல்லாம் ஸ்டேஷனிலிருந்து ஆள் வந்துவிட்டார். புகார்தாரர் திரும்பப் பெற்றுக்கொண்டதால் விவரம் தேவையில்லை என்ற கடிதம். சார் அந்த ஒற்றை வரித் தாளை உறையிலிட்டு அரக்கு வைத்துப் பெட்டகத்தில் வைத்துப் பூட்டினார். மேலிடத்துக்குப் போனில் பேசி, பூத் லைனைத் திரும்பக் கொடுக்க உத்தரவு வாங்கினார். "நீங்களே போய்ட்டு வாங்க சிவகாமியம்மா" என்றார்.

இசக்கியும் நானும் மார்க்கெட் வழியாகப் போனோம். ரெஜினா பூத்தைத் திறந்து, கண்ணாடிக் கதவைத் துடைத்துக்கொண்டிருந்தாள். இசக்கி வெளியே பெட்டியில் வேலை பார்க்கும்போது நான் ஸ்டூலில் உட்கார்ந்து அவளோடு பேசிக்கொண்டிருந்தேன். நான் பார்த்த எதையும் சொல்லக்கூடாது. அவளே ஆரம்பித்தாள்.

"கோமதி மொத எங்கிட்டதான் வந்தா மேடம். பூத்துலருந்து நீ பேசுன்னா. பொய் பேச மாட்டேன்னுட்டேன். அன்னைலருந்து எங்கூடப் பேசல."

"தெரிஞ்சிருந்தும் போலீஸ்ல ஏன் சொல்லல?"

"நீ பேசினியான்னுதான் எல்லாரும் கேட்டாங்க. இல்லன்னேன். யார் பேசினான்னு ஒருத்தரும் கேக்கலியே."

"கேட்டிருந்தா?"

அவள் துணியைப் பிழிந்தாள். "அதுக்கு நான் பதில் யோசிச்சு வைக்கல" என்றாள்.

இசக்கி வெளியிலிருந்து குரல் கொடுத்தார். ரிசீவரை எடுத்தேன். டயல் டோன் வந்துவிட்டது. வழக்கமாக எக்ஸ்சேஞ்சில் இருக்கிற சோதனை மேஜைக்கு ஒரு அழைப்பு போட்டு, சரியாக இருக்கிறதென்று எழுதிக்கொண்டு கிளம்பிவிடுவோம். நான் எண்ணை அழுத்தப்போன நேரத்தில் வாசலில் நிழல் தட்டியது. சங்கரலிங்கம் அண்ணாச்சி நின்றுகொண்டிருந்தார். ரெஜினா கையிலிருந்த துணியைக் கீழே வைத்தாள்.

"உடன்குடிக்கு ஒரு போன் போடணும்" என்றார்.

அந்தத் தெருவில் அவர் வீட்டில் போன் இருக்கிறது, கடையில் போன் இருக்கிறது. நான் எழுந்து வெளியே போகப் பார்த்தேன்.

"இருங்கம்மா. நீங்க ரெண்டு பேரும் கேக்கணும்னுதான் இங்கன வந்தேன்."

கண்ணாடிக் கதவைச் சாத்தாமலேயே உள்ளே உட்கார்ந்தார். எண்ணை அழுத்தினார். மேலே இருந்த கட்டணப் பெட்டியில் சிவப்பு எண்கள் ஓடத் தொடங்கின.

"அண்ணாச்சி, நான் பாளையங்கோட்டை சங்கரலிங்கம் பேசுதேன். சம்பந்தத்துக்காகப் பேசல, அது முடிஞ்சுபோச்சு. அன்னைக்கு உங்களுக்குப் போன் பண்ணினது வெளி ஆளு இல்ல, எங்க வீட்டுப் பிள்ளைதான். அதுக்கு வியாதி ஒண்ணும் கிடையாது. வேலை கிடைச்சிருக்கு, அதச் சொல்ல பயந்துட்டு இப்படிச் சொல்லிட்டுது. நான் கேக்காம இருந்தது என் தப்பு. தெருவுல ஒரு பிள்ளை மேல பழியப் போட்டேன், அதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல. அங்கன யாரும் அந்தப் பிள்ளையப் பத்திப் பேசினா, நீங்க இதச் சொல்லணும். அதுக்குத்தான் பேசினேன்."

மறுமுனையில் என்ன சொன்னார்கள் என்று தெரியாது. அவர் "ஆமா" என்றார். "ஆமா" என்று இன்னொரு முறையும் சொன்னார். பிறகு, "சரி அண்ணாச்சி, சந்தோசம்" என்று ரிசீவரை வைத்தார். முகத்தைத் துண்டால் அழுத்தித் துடைத்துக்கொண்டார். பெட்டியிலிருந்து வந்த சீட்டை ரெஜினா கிழித்துக் கொடுத்தாள். அவர் அதற்கான ரூபாயைக் கொடுத்து, சீட்டை மடித்துப் பையில் வைத்தார். கிளம்புகிறவர் போலப் படியிறங்கி, திரும்பினார்.

"பூத்து எத்தன மணி வரைக்கும் இருக்கும்?"

"ஒம்பது மணி வரைக்கும் அண்ணாச்சி."

"கோமதி சாயங்காலம் வருவா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ரெஜினா கீழே வைத்த துணியை எடுத்து, ஏற்கெனவே துடைத்த கண்ணாடியை மறுபடி துடைக்கத் தொடங்கினாள். நான் வெளியே வந்தேன். இசக்கி பெட்டியை மூடித் திருகிக்கொண்டிருந்தார். அவருக்கு எல்லாமே கேட்டிருக்கும். "போலாமா மேடம்?" என்று மட்டும் கேட்டார்.

எக்ஸ்சேஞ்சுக்குத் திரும்பி, வேலை முடிந்ததற்கான சீட்டை நிரப்பினேன். லைன் திரும்பக் கொடுக்கப்பட்ட நேரம் எழுதினேன். சோதனை அழைப்பு என்று ஒரு கட்டம் உண்டு. சோதனை மேஜைக்கு நான் அழைக்கவே இல்லை என்பது அப்போதுதான் ஞாபகம் வந்தது. கொஞ்சம் யோசித்துவிட்டு எழுதினேன்: "உடன்குடி. தெளிவாகக் கேட்டது."

ஞானதாஸ் சார் அதை இரண்டு முறை படித்தார். பச்சை மையில் கையெழுத்துப் போட்டார்.